துப்பட்டி பறந்த புதன்கிழமை

திருச்சி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது என்னை வரவேற்க எட்டு வெள்ளைத் துப்பட்டிகள் நின்றிருந்தன. எட்டும் ஒரே உயரம், ஒரே அகலம். அவற்றுள் என் சின்னத்தாவின், அதாவது சித்தப்பாவின், மகள் மைமூன் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? கடிதத்தில் மட்டுமே தெரிந்தவள் அவள். நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் பினாங்கில். அத்தா பிறந்த ஊரை என் முப்பத்தாறாம் வயதில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டிய காலம் அது.

முன்னால் நின்ற துப்பட்டிக்கு ஸலாம் சொல்லிக் கட்டிப்பிடித்தேன். "நான் இல்லீங்க, அவங்க" என்று ஒரு விரல் வெளியே வந்து பக்கத்துத் துப்பட்டியைக் காட்டியது. பக்கத்துத் துப்பட்டி ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் கேட்டது:

"என்னக்கா இது! கப்பல், ரயில் எல்லாத்துலயும் இப்படியேவா வந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இப்படியே என்றால் எப்படி? கணுக்கால் வரை கைலி. அதன் மேல் முழங்கால் தாண்டித் தொங்கும் நீளச் சட்டை. கை மணிக்கட்டு வரை. முன்பக்கம் ஒரே சங்கிலியில் கோத்த மூன்று ஊசிப்பதக்கம் போட்டுப் பூட்டியிருந்தேன். தலையில் முக்காட்டுத் துணி. பினாங்கில் எங்கள் தெருவில் என்னைவிடப் பதவிசாக உடுத்துகிறவள் இல்லை என்று பெயர் வாங்கியவள் நான்! ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பையிலிருந்து ஒன்பதாவது துப்பட்டி வெளியே வந்து என் தலைமேல் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் கோட்டும் தொப்பியுமாகக் காற்று வாங்கிக்கொண்டு நின்றார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

துப்பட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அகலம் வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்த போர்வை அது. தலைமேல் போட்டு, கன்னத்தோடு இழுத்து, தாடைக்குக் கீழே உள்ளிருந்து ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசி கிடையாது, பொத்தான் கிடையாது, நாடா கிடையாது. எல்லாம் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. திருச்சிப் பெண்கள் ஒரு கையில் பிடியும் மறு கையில் குடையும் இடுப்பில் கூடையுமாக வெகு லாவகமாகப் போகிறார்கள். நான் முதல் பத்தடியில் மூன்று தடவை மிதித்தேன். நாலாவது தடவை ஒரு போர்ட்டர் மேலேயே போய் விழுந்தேன்.

ஜட்காவுக்கு முன்னும் பின்னும் திரை கட்டியிருந்தது. "மலைக்கோட்டை வந்துருச்சுக்கா, பாருங்க" என்றாள் மைமூன். எங்கே பார்க்க? திரையில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று இருந்தது. அத்தா சாகும்வரை சொல்லிச் சொல்லி மாய்ந்த மலைக்கோட்டையை நான் அதன் வழியாகத்தான் பார்த்தேன். அதுவும் துண்டு துண்டாக. குதிரை குலுக்கக் குலுக்க, உச்சி தெரிந்தால் அடிவாரம் தெரியாது.

வந்த காரியத்தைச் சொல்கிறேன். என் தம்பி மஜீதுக்குப் பெண் கேட்க வந்தேன். பெற்றவர்கள் போன பிறகு அவனுக்குத் தாயும் நான்தான், தகப்பனும் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் திருச்சிக்கு வந்து மைமூன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தான். பக்கத்து வீட்டில் ஹலீமா என்று ஒரு விதவை அம்மாள். அந்தத் தெருப் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். அவருடைய ஒரே மகள் ரஹ்மத் தினமும் காலையில் ஓதுகிற குரல் சுவர் தாண்டிக் கேட்கும். அவ்வளவுதான். முகம் பார்த்ததில்லை, பேசியதில்லை. தெருவில் பார்த்ததெல்லாம் ஒரு வெள்ளைத் துப்பட்டி. பினாங்குக்குத் திரும்பியவன், நான் காட்டிய ஐந்து இடத்தையும் வேண்டாம் என்றுவிட்டான். "அந்தக் குரல் இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்க்கா" என்றான். கப்பலேறும்போது ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்பினான்: "பொண்ணோட சம்மதத்தை அவ வாயால கேட்டுட்டு வாங்க. அவங்கம்மா மனசும் கோணக் கூடாது."

திரும்பும் கப்பலுக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளில் ஒரு பெண்ணை முடிப்பது எனக்குப் பெரிய விஷயமா என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஹலீமா அக்கா வீட்டுக்குப் போனோம். எங்கள் வாசலில் இருந்து அவர் முற்றத்துக்குப் பத்தடி. அதற்கும் துப்பட்டி போட்டுக்கொள்ளச் சொன்னாள் மைமூன். ஹலீமா அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. நல்ல பருமன். ஓதிக் கொடுப்பவர்கள் பிரம்பு வைத்திருப்பார்கள்; இவருக்கு அது தேவையில்லை, அந்தப் பருத்த கையை ஒரு தடவை தூக்கினாலே போதும், பிள்ளைகள் எழுத்துப் பிசகாமல் ஓதும். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "வாங்க வாங்க, பினாங்குக்காரம்மா" என்று உட்கார வைத்தார். இடியாப்பமும் கறியாணமும் வந்தன. ஆணம் என்றால் குழம்புதான். பினாங்கில் நாங்கள் வைக்கிற ஆணத்தில் பட்டை வாசம்தான் முன்னால் வந்து நிற்கும். இங்கே மிளகு மூக்கில் ஏறியது. மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. சேலையில் இருந்தார் ஹலீமா அக்கா. குட்டையான ரவிக்கை. பரிமாறக் குனிந்து நிமிரும்போதெல்லாம் இடுப்பு ஒரு சாண் தெரிந்தது. பினாங்கில் வீட்டுக்குள்ளும் முழங்கால் வரை சட்டை போட்டே வளர்ந்த எனக்கு எங்கே பார்ப்பது என்று புரியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவரோ என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கெல்லாம் துப்பட்டி போடுறதில்லையாமே?"

"இல்லக்கா. இதுதான் எங்க உடுப்பு. வீட்டுலயும் இதுதான், வெளியிலயும் இதுதான்."

"அப்ப வீட்டுக்கும் தெருவுக்கும் வித்தியாசமே வேணாமா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். "நான் துப்பட்டியைப் போட்டுட்டு கடைவீதிக்குப் போனாலும் என் வீட்டுக்குள்ளதான் இருக்கேன். அந்த நிம்மதி உங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?"

பதிலுக்கு நான் வாயை மூடிக்கொண்டு ஒரு இடியாப்பத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். என் நாக்கு அப்படிப்பட்டதில்லை. "ஆண்டவன் மறைக்கத்தானேக்கா சொன்னான், போத்தச் சொன்னானா? வெளியில போர்வை, உள்ள இப்படி இடுப்பு தெரியக் கட்டுறது. அதுக்கு எந்நேரமும் மூடியிருக்கிற எங்க சட்டை எவ்வளவோ மேல்" என்று சொல்லிவிட்டேன்.

மைமூன் என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளி என்ன பயன், சொன்னது சொன்னதுதானே. ஹலீமா அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"என் வீட்டுக்குள்ள என்னைப் பாக்குறது என் மகளும் என்னைப் படைச்ச ரப்பும்தான், பினாங்குக்காரம்மா. நீங்க பொம்பளைன்னு நம்பித்தான் இப்படி வந்து நின்னேன்." பிறகு அதே குரலில் சொன்னார்: "துப்பட்டி இல்லாத ஊருக்கு என் மகளைக் கொடுக்கிறதா இல்லை. சாப்பிடுங்க, ஆறிடும்."

வீட்டுக்குத் திரும்பி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தெப்பக்குளம் சுற்றி, காபி கிளப்பில் இரண்டு தடவை காபி குடித்து, உறையூர்ச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். "பொண்ணு கேக்க வந்தியா, சண்டை பிடிக்க வந்தியா? மஜீத்கிட்ட என்ன சொல்லப்போற?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு அம்மாள் என்னை நம்பித் தன் வீட்டில் இயல்பாக நின்றார். நான் அந்த நிற்பையே குறை சொல்லிவிட்டேன். வெட்கம் எதில் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன், எனக்கே அது தெரியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஹலீமா அக்கா லுஹர் தொழுகைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாயின் மறு பாதியைக் காட்டினார். நான் கொண்டுபோயிருந்த தொழுகை உடுப்பைப் போட்டுக்கொண்டேன். பினாங்கில் தொழுகைக்கென்று தனியாக வெள்ளையில் தைத்துக்கொள்வோம்; தலையோடு வயிறு வரை ஒன்று, இடுப்பிலிருந்து பாதம் வரை ஒன்று. அவர் தன் துப்பட்டியையே தலையோடு சுற்றிக்கொண்டார். தோளோடு தோள் நின்றோம். யாராவது பின்னாலிருந்து பார்த்திருந்தால் எது திருச்சி, எது பினாங்கு என்று சொல்லியிருக்க முடியாது.

தொழுது முடித்ததும் நான் மன்னிப்பைத் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. என் உடுப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கையில பிடிக்க வேணாமா?"

"வேணாம்க்கா. உள்ள நாடா இருக்கு. முடிஞ்சுட்டா அசையாது."

"ம்" என்றார். அவ்வளவுதான். கூடத்தில் பிள்ளைகள் ஓதவந்து காத்திருந்தார்கள், எழுந்து போய்விட்டார்.

அந்த இடைவெளியில் ரஹ்மத் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். பத்தொன்பது வயது. அம்மாவைப் போலப் பருமன் இல்லை, கொடி மாதிரி இருந்தாள். கண்கள் மட்டும் அம்மா கண்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. "நீ ஓதுற குரலைக் கேட்டுத்தான் மஜீத் மனசு வச்சான். உன் சம்மதத்தை உன் வாயால கேட்டுட்டு வரச் சொன்னான்மா. உனக்கு இஷ்டமா? இல்லேன்னாலும் சொல்லு, நான் தப்பா நினைக்கமாட்டேன்" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "குரல் கேட்டது அவங்க மட்டும்தான்னு நினைச்சிருக்காங்களா? ஒரு நாள் நம்ம பள்ளிவாசல் மோதினார் ஊர்ல இல்ல. விடிகாலை சுபுஹுக்கு அவங்கதான் பாங்கு சொன்னாங்க. நானும் கேட்டேன்."

எனக்கு அவளை அப்படியே அள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது. "இரண்டு வருஷமாவா மனசுல வச்சிருந்த?" என்றேன்.

"எனக்கு வரணும்னு இருக்குக்கா. ஆனா அம்மா என்னை அனுப்பணும். நானா போறதா இருக்கக் கூடாது."

இதற்குமேல் நான் என்ன கேட்பேன்? பெண்ணின் சம்மதம் கிடைத்துவிட்டது. அம்மாவின் மனத்தை நேற்று நானே என் வாயால் கெடுத்து வைத்திருந்தேன். கிளம்பும்போது ஹலீமா அக்கா கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "நாளைக்கு ஒடுக்கத்துப் புதன். ஆத்துக்குப் போறோம். நீங்களும் வாங்க." ஒரு நொடி கழித்து, "துப்பட்டியோட" என்றார்.

ஸபர் மாதத்துக் கடைசிப் புதன்கிழமையை இங்கே ஒடுக்கத்துப் புதன் என்கிறார்கள். மாவிலையில் ஓதி எழுதி, அதைக் கரைத்துக் குடித்துவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு ஆற்றங்கரைக்குப் போய்ப் பொழுதைக் கழிப்பார்கள். வருஷமெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் அன்றைக்குப் புல்லில் கால் வைப்பார்கள். நாலாம் நாள் காலையில் மைமூன், ஹலீமா அக்கா, ரஹ்மத், நான் நாலு பேரும் ஒரு ஜட்காவில் ஏறினோம். காவிரி தாண்டி ஸ்ரீரங்கக் கரையில் ஒரு தோப்பு. எங்களுக்கு முன்பே ஆண்கள் தேங்காய்ச்சோற்று அண்டாவோடு போய்விட்டார்கள்.

ஆடிக் காற்று என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்படுவது வேறு, அதற்குள் உட்கார்ந்திருப்பது வேறு. பாலத்தில் ஏறியதும் ஜட்காத் திரை படபடவென்று அடித்துக்கொண்டது. ஆற்றில் புதுத் தண்ணீர் செக்கச்செவேல் என்று இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. குதிரை நின்று நின்று நகர்ந்தது. "வறண்ட வையம்பட்டிப் பக்கம் வாங்கின குதிரைங்க. தண்ணியக் கண்டா மிரளும். ஒண்ணும் ஆகாது, உக்காருங்க" என்றார் வண்டிக்காரர். அவர் அப்படிச் சொன்னால் ஏதோ ஆகப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாலம் முடிந்து ஸ்ரீரங்கக் கரையில் இறங்கும் இடத்தில் கடையாணி கழன்றது. சக்கரம் ஒருபக்கம் சாய, வண்டி அந்தப் பக்கமே சரிந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரஹ்மத் வெளியே போனாள். துப்பட்டியைப் பிடித்திருந்த ஹலீமா அக்காவின் கை, அதை விட்டுவிட்டு மகளைப் பிடித்தது. நான் கண்ணால் பார்த்தேன்; ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அந்தக் கை. ரஹ்மத் தப்பித்தாள். காற்று துப்பட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

அது திரைச்சீலையைத் தாண்டி, கரைச்சுவரைத் தாண்டி, கீழே படித்துறைப் பக்கம் இறங்கியது. நாங்கள் நாலு பேரும் ரோட்டில் நின்றோம். பஸ் ஒன்று போயிற்று. அதற்குள் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. குளித்துவிட்டுப் போகும் ஆண்கள், கட்டைவண்டிக்காரர்கள், பூக்கூடைக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நாற்பது வருஷமாக வெளி ஆண் யாரும் பார்த்திராத ஹலீமா அக்கா, காற்று இழுக்கும் சேலையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டிப் பலகையோடு ஒட்டி நின்றார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

நான் என் துப்பட்டியைக் கழற்றி அவர் தலைமேல் போட்டு இழுத்துச் சுற்றினேன்.

"ஐயோ, நீங்க?" என்றார்.

"எனக்கென்னக்கா? நான் எப்பவும் உடுத்தித்தானே இருக்கேன்" என்றேன். இந்தத் தடவை குத்திச் சொல்லவில்லை. அவருக்கும் அது புரிந்தது. என் சட்டையை அந்தக் காற்று என்ன செய்துவிடும்? மூன்று பதக்கமும் பூட்டியிருந்தன, முக்காடும் ஊசி குத்தியிருந்தது. நான் கீழே படித்துறைக்கு இறங்கினேன்.

அங்கே ஒரு காட்சி. நாற்பது வயது மதிக்கத்தக்க ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர், முழுகியெழுந்து ஈரப் புடவையோடு, இடுப்பில் குடத்துடன் படியேறி வந்துகொண்டிருந்திருக்கிறார். ஹலீமா அக்காவின் துப்பட்டி நேரே அவர் தலைமேல் இறங்கி, குடத்தோடு சேர்த்துப் போர்த்தியிருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது:

"யாரது! மேலே என்னத்தைப் போட்டேள்? மடி போச்சே! பெருமாளுக்குத் தீர்த்தம் கொண்டுபோயிண்டிருந்தேனே!"

நான் எடுக்கப் போனேன். "தொடாதே, தொடாதே" என்றார். உடனே அவரே நிறுத்திக்கொண்டார். "இனிமே தொட்டா என்ன, அதான் எல்லாம் போச்சே. எடும்மா, மூச்சு முட்டறது."

துணியை நீக்கினேன். நெற்றியில் திருச்சூர்ணம் அழிந்து மூக்கு வரை வந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நீ எந்த ஊர்? புடவையும் இல்லை, இது என்ன, கைலியா?"

"கைலிதாம்மா. நான் பினாங்கு. மேல நிக்கிற அக்காவோட துப்பட்டி இது. வண்டி சாஞ்சு காத்துல பறந்துருச்சு. மன்னிச்சுக்கணும்."

"காத்து பண்ணினதுக்கு நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே? எங்க பெருமாளே கைலி சாத்திப்பார், தெரியுமோ? அவர் மேல ஆசைப்பட்டு வந்த துலுக்க நாச்சியாருக்காக. ரொட்டிகூட உண்டு." இதைச் சொல்லும்போது அவர் கோபம் பாதி போய்விட்டது. குடத்துத் தண்ணீரைப் படியில் கொட்டிவிட்டு, ஈரமும் சேறுமான துப்பட்டியைத் தானே சுருட்டிக்கொண்டு மேலே வந்தார். "வா, நானே குடுக்கறேன். அந்த அம்மா தவிச்சுண்டிருப்பா."

ஹலீமா அக்கா அவர் வருவதைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நின்றார். மாமி துப்பட்டியை நீட்டினார்.

"இந்தாங்கோ. உங்களுக்கு இதான் மடி போலிருக்கு. உங்க மடியும் போச்சு, என் மடியும் போச்சு. எனக்குக் காவேரி இருக்கா, இன்னொரு முழுக்குப் போட்டா ஆச்சு. உங்களுக்கு இந்தப் பொண்ணு தன்னோடதைக் குடுத்துட்டா." பிறகு என் பக்கம் திரும்பி, "நன்னா மூடிண்டிருக்கே நீ. இந்தக் காத்துல என் மடிசாரே நிக்கமாட்டேங்கறது, உன் சட்டை நிக்கறது" என்று சொல்லிவிட்டு, மறுபடி முழுகப் படியிறங்கிப் போனார்.

வண்டிக்காரர் கடையாணியைத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் தோப்புக்கு நடந்தே போனோம். ஈரத் துப்பட்டியை ரஹ்மத் கையில் வைத்திருந்தாள். என் துப்பட்டியில் ஹலீமா அக்கா. நான் என் சட்டையிலும் முக்காட்டிலும். அந்த ஊரில் மிதிக்காமல், விழாமல், நிமிர்ந்து நான் நடந்த அரைமைல் அதுதான். ஒரு வாய்க்கால், இரண்டு வாழைத் தோட்டம், ஒரு கிளிக்கூட்டம் எல்லாவற்றையும் இரு கண்ணாலும் பார்த்தேன். ஹலீமா அக்கா என் பின்னாலேயே வந்தார்.

தோப்பில் தேங்காய்ச்சோறு வாழையிலையில் வந்தது. பினாங்கிலும் தேங்காய்ப்பாலில் சோறு ஆக்குவோம். தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பல் வைத்துக்கொள்வோம். இங்கே ஆட்டுக்கறியும் கத்தரிக்காய் மாங்காயும். கப்பலில் வாந்தியெடுத்தே வந்த என் வீட்டுக்காரர் அண்டாவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்திருந்தார். பெண்கள் தங்கள் பக்கத்தில் புல்லில் நடந்தார்கள், ஊஞ்சல் கட்டினார்கள், சிரித்தார்கள். துப்பட்டிகளெல்லாம் ஒரு கயிற்றில் வரிசையாகத் தொங்கின. அவை இல்லாமல் பார்த்தால், ஜங்ஷனுக்கு வந்திருந்த எட்டுப் பேரும் எட்டு மாதிரி இருந்தார்கள்! "இவங்களைத் துப்பட்டிக்குள்ள எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிற?" என்று மைமூனைக் கேட்டேன். "நடைதான்க்கா. முகத்தை மறைக்கலாம், நடையை மறைக்க முடியுமா?" என்றாள்.

வியாழன் போயிற்று. வெள்ளியும் பாதி போயிற்று. பக்கத்து வீட்டிலிருந்து சொல் வரவில்லை. ரஹ்மத் ஓதும் குரல் மட்டும் சுவர் தாண்டி வந்தது. என் தம்பி ஏன் ஐந்து இடத்தை வேண்டாம் என்றான் என்று எனக்கு அப்போது நன்றாக விளங்கியது. கையில் இருந்த காபி ஆறியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

ஆறாம் நாள் மாலை மைமூன் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். பொடிப்பூப் போட்ட நீலச் சீட்டித்துணி. "ஹலீமா அக்கா கொடுத்தாங்க. உங்க சட்டை மாதிரி ஒண்ணு தைச்சுத் தரச் சொன்னாங்க."

"ரஹ்மத்துக்கா?"

"கேட்டேன். தைக்கச் சொல்லுன்னு மட்டும் சொன்னாங்க. அளவு வேணாமாம். தொளதொளன்னு இருந்தா போதுமாம்."

எனக்குச் சட்டென்று தெம்பு வந்துவிட்டது. மைமூனின் கை மிஷினை முற்றத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரஹ்மத்தின் தோளைக் கண்ணில் வைத்து வெட்டினேன். கொடி மாதிரிப் பெண்தானே, தொளதொள என்றாலும் அளவோடுதான் வைத்தேன். என் பதக்கச் சங்கிலியையும் கழற்றி அதில் குத்தி, ஏழாம் நாள் காலையில் கொடுத்தனுப்பினேன். அன்று முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பதிலும் இல்லை. பிடிக்கவில்லை போலும், திருப்பி அனுப்பவும் மனமில்லை போலும் என்று நினைத்துப் பெட்டியைக் கட்டினேன். மஜீதிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் ஜங்ஷனில் மறுபடி வெள்ளைத் துப்பட்டிகள். நான் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பிளாட்பாரத்தின் கோடியில் ஒன்று வந்துகொண்டிருந்தது. குதிகாலை முதலில் ஊன்றி, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, அவசரமே இல்லாமல் வருகிற நடை. யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. "ஹலீமா அக்கா வராங்க!" என்று நானே கத்தினேன்.

பெட்டிக்குள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே ஆண்கள் இல்லையே என்று சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு தாடைக்குக் கீழே பிடித்திருந்த பிடியை விட்டார்.

உள்ளே நீலச் சீட்டிச் சட்டை. சேலைக்கு மேலேயே போட்டிருந்தார். மூன்று பதக்கமும் வரிசையாகப் பூட்டியிருந்தன. அந்தப் பருத்த கையில் தையல் தெறித்து, விரற்கடை அளவுக்கு வாய் பிளந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அக்கா, இது..."

"நேத்திலேருந்து இதோடதான் இருக்கேன். இதோட சமைச்சேன், இதோட ஓதிக் கொடுத்தேன், இதோட தொழுதேன்" என்றார். "எம் மகளை ஒரு உடுப்புக்குள்ள அனுப்புறதுக்கு முன்னாடி, நான் அதுக்குள்ள இருந்து பாக்க வேணாமா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை.

"அன்னிக்கு ஆத்தங்கரையில நீங்க துப்பட்டியைக் கழட்டிட்டுப் படியிறங்கினீங்க. பின்னாலேருந்து பாத்துக்கிட்டே நின்னேன். வீட்டுக்குள்ள நடக்குறவ மாதிரி நடந்தீங்க. அந்த நிம்மதி உங்களுக்கு எப்படிக் கிடைக்கும்னு கேட்டேன் இல்ல?" சட்டையின் பதக்கத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "துப்பட்டியும் அவ பெட்டியில வரும். வேணும்னு தோணுறப்ப போட்டுக்கட்டும்."

மணி அடித்தார்கள். அவர் எழுந்து துப்பட்டியை இழுத்துச் சுற்றி, பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வண்டி அசைந்தது. ஜன்னலோடு நாலடி நடந்து வந்தார். துப்பட்டிக்குள்ளிருந்து அந்தக் கை வெளியே வந்து, கிழிந்த தையலை எனக்குக் காட்டியது.

"கையில மட்டும் கொஞ்சம் பிடிக்குது, சம்பந்தி. ரஹ்மத்துக்குச் சரியா இருக்கும்."